நீல் சிலையை இறக்கினோம், நீல் தீவை ஏன் கண்டுக்கலை?

பிரிவு: வரலாறும் அரசியலும்

கெடிலக்கரையான்
14 செப்டம்பர் 2024, காலை 10:40

நேற்று அமித் ஷா எக்ஸ் தளத்தில் அறிவிச்சதிலிருந்து எங்க வாட்ஸாப் குழுவில் ஒரே அமளி. போர்ட் பிளேயர் இனிமேல் ஸ்ரீ விஜய புரமாம். பாதிப் பேர் ராஜேந்திர சோழன் படத்தை முகப்பில் வெச்சாச்சு. மீதிப் பேர் "இதனால் தக்காளி விலை குறையுமா"ன்னு கேட்டுட்டு இருக்காங்க. என் மண்டைக்குள்ள ஓடுறது அதுக்கு முந்தின கதை.

2018 டிசம்பர் 30 அன்று அந்தமானில் மூணு தீவுக்குப் பேர் மாத்தினாங்க. ராஸ் தீவுக்கு நேதாஜி பேர் வந்தது. ஹேவ்லாக் 'ஸ்வராஜ்' ஆச்சு. நீல் தீவு 'ஷஹீத்' ஆச்சு. அந்த நீல் யாரு? நம்ம மவுண்ட் ரோட்டில் சிலையா நின்னானே, அதே ஜேம்ஸ் நீல்தான்.

தெரியாதவங்களுக்காக: ஸ்காட்லாந்துக்காரன். கிழக்கிந்தியக் கம்பெனியோட மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படைக்குத் தலைவன். 1857-ல் கிளர்ச்சி வெடிச்சதும் சென்னையிலிருந்து படையைக் கூட்டிட்டு வடக்கே போனான். காசியிலும் அலகாபாத்திலும் போற வழியெல்லாம் கிடைச்ச மரத்தில் ஆளைத் தொங்கவிட்டான். கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட பீபிகர் வீட்டில், பிடிபட்டவங்களை அந்த ரத்தக்கறையைத் துடைக்க வைக்கணும், மறுத்தா சவுக்கடி, அப்புறம் தூக்கு என்று எழுத்திலேயே உத்தரவு போட்டான். தேதி 1857 ஜூலை 25. அந்தச் செப்டம்பரிலேயே லக்னோவில் குண்டடி பட்டுச் செத்தான். அவனுக்குத்தான் சென்னையில் வசூல் பண்ணிச் சிலை வெச்சாங்க.

1927-ல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லிப் போராட்டம். தொண்டர்கள் சுத்தியலும் கோடரியுமா சிலை மேல ஏறினாங்க, ஜெயிலுக்குப் போனாங்க. திருநெல்வேலி சோமயாஜுலு முன்னால நின்னார். எங்க கடலூர் அஞ்சலையம்மாள் சின்னஞ்சிறு மகளையும் கூட்டிட்டுப் போய்ச் சிறைப்பட்டாங்க. காந்தி வந்து அகிம்சை தவறாம நடத்தினா சரின்னார். காமராஜர் அடுத்து இறங்கத் தயாரா இருந்தார். அதுக்குள்ள சைமன் கமிஷன் எதிர்ப்பு வந்து கவனம் அந்தப் பக்கம் போயிடுச்சு. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் சிலை எழும்பூர் மியூசியத்துக்குப் போச்சு.

ஒரு சிலையை நகர்த்த இங்க பத்து வருஷமும் இத்தனை பேர் சிறைவாசமும் ஆகியிருக்கு. அதே ஆள் பேரில் ஒரு தீவு 2018 வரைக்கும் இருந்திருக்கு. அது போன அன்னைக்கு எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கூட "ஓ, அவனா"ன்னு கேட்கலை. ஏன்?

---

மாம்பலம்_மெயில்
14 செப்டம்பர் 2024, பகல் 12:15

காரணம் ரொம்ப எளிது சார். சிலை தினம் டிராமில் போறவன் கண்ணில் பட்டது. தீவு யார் கண்ணிலும் படலை.

ஆனா எனக்கு இந்தப் பேர் மாத்துற வேலையே பிடிக்காது. மவுண்ட் ரோடு அண்ணா சாலையாகி ரெண்டு தலைமுறை ஆச்சு. நீங்களே மேலே மவுண்ட் ரோடுன்னுதான் எழுதியிருக்கீங்க. மௌப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலை ஆச்சு, லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை ஆச்சு, எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலை ஆச்சு. லாயிட் நல்லவனா கெட்டவனான்னு இன்னைக்கு யாருக்காவது தெரியுமா? பேரை எடுத்தோம், கூடவே கேள்வியையும் எடுத்துட்டோம்.

நீல் தீவுன்னே விட்டிருக்கலாம். படகுத்துறையில் பெரிய பலகை வெச்சு, இவன் கான்பூரில் என்ன பண்ணினான்னு எழுதியிருந்தா வர்ற டூரிஸ்ட் எல்லாரும் படிச்சிருப்பான். இப்ப 'ஷஹீத்'னு படிச்சுட்டு ஸ்கூபா டைவிங் எங்கேன்னு கேட்கிறான்.

---

கெடிலக்கரையான்
14 செப்டம்பர் 2024, பகல் 1:02

> நீல் தீவுன்னே விட்டிருக்கலாம்

மெயில் சார், ஒரு தேதிக் கணக்கைப் பாருங்க. நீல் செத்தது 1857 செப்டம்பர். கிளர்ச்சியை அடக்கப் போன இன்னொரு தளபதி ஹேவ்லாக் அதே லக்னோவில் நவம்பரில் வயிற்றுக்கடுப்பில் செத்தான். அந்தமானில் கைதிக் குடியேற்றம் ஆரம்பிச்சது 1858 மார்ச். வாக்கர் என்கிற அதிகாரி 200 கைதிகளோட வந்து இறங்கினான். அதாவது நீலும் ஹேவ்லாக்கும் அந்தத் தீவுகளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அப்புறம் ஏன் அந்தப் பேர்? 1857-ல் பிடிபட்டவங்களை நாடு கடத்தின இடம் அது. உன் கூட்டாளியைத் தூக்கில் போட்டவன் பேர் நீ காலம் தள்ளப் போற கடலிலேயே நிக்கும், பார்த்துக்கோன்னு வெச்சதாத்தான் எனக்குப் படுது. வெற்றிக்கொடி நாட்டுறதும் இதுவும் ஒண்ணு. அந்தக் கொடியை அங்கேயே விட்டுட்டுக் கீழே விளக்கம் எழுதறதா? மியூசியம் எதுக்கு இருக்கு?

---

அபர்தீன்_அண்ணாச்சி
14 செப்டம்பர் 2024, இரவு 11:05

கடையை அடைச்சிட்டு இப்பதான் பார்க்கேன். நான் பொறந்து வளர்ந்ததெல்லாம் பிளேர்தான். அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்துலேருந்து கப்பல் ஏறினவரு. அபர்தீன் பஜார்ல கடை. எங்க ஊரைப் பத்திப் பேசுதீங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

மொதல்ல நீல் தீவு. அங்க இருக்க ஊர் பேரெல்லாம் தெரியுமா? சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர். கிழக்கு வங்காளத்துலேருந்து அகதியா வந்து காட்டை வெட்டி வயல் ஆக்கின சனங்க ஊரு அது. ராமாயணத்துல ஒருத்தரும் விட்டுப்போகல. எங்க பஜாருக்குக் காய்கறி அங்கேருந்துதான் படகுல வரும். ஹேவ்லாக்லயும் அப்படித்தான்: கோவிந்தநகர், ராதாநகர், கிருஷ்ணநகர், ஷ்யாம்நகர். அந்தப் பேரையெல்லாம் யாரும் சண்டை போட்டு மாத்தல, யாரும் மறக்கவும் இல்ல. தீவு பேரு வெள்ளைக்காரனுது, ஊர் பேரு குடியிருக்கவனுது. இப்படியே அம்பது அறுபது வருசம் ஓடிட்டு.

ரெண்டாவது, நீங்க நீல், ஹேவ்லாக் ரெண்டு பேரு போனதுக்குச் சந்தோசப்படுதீங்க. அந்தத் தீவுக்கூட்டத்துல இன்னும் யார் யார் இருக்கான்னு மேப்பைப் பாருங்க. ஜான் லாரன்ஸ், ஹென்றி லாரன்ஸ், அவுட்ரம், நிக்கல்சன், வில்சன். எல்லாம் 1857-ல பேரெடுத்த ஆளுங்கதான். நீலுக்குப் பக்கத்துலயே குட்டியா ஒரு தீவு கெடக்கு, அது பேரு சர் ஹியூ ரோஸ். ஜான்சி ராணியைத் தோக்கடிச்ச ஹியூ ரோஸ்! இதுல கூத்து என்னன்னா, அந்தத் தீவுக்கூட்டத்துல இருக்க கடல் தேசியப் பூங்காவுக்கு 1996-லயே ராணி ஜான்சின்னு பேரு வெச்சாச்சு. ராணியும் அங்கதான், ராணியை முடிச்சவனும் அங்கதான். டூரிஸ்டு போற தீவுக்கு மட்டும் பேரு மாறிச்சு. ஆளில்லாத தீவுல வெள்ளைக்காரன் அப்படியே இருக்கான்.

மூணாவது, எங்களை யாரும் கேக்கல. எங்களுக்குச் சட்டசபை கெடையாது. ஒரே ஒரு எம்.பி. நேத்து சாயங்காலம் ஊர் பேரு மாறினதை நான் தெரிஞ்சுக்கிட்டது சென்னையில இருக்க மச்சான் அனுப்பின மெசேஜ்ல.

---

சோழமண்டலத்தான்
15 செப்டம்பர் 2024, காலை 7:30

அண்ணாச்சி, கேட்கலைன்னு வருத்தப்படுறது சரி. ஆனா வெச்ச பேர் எவ்வளவு பெரிய பேர் பாருங்க. அந்தத் தீவுகள் சோழர் கடற்படைத் தளமா இருந்ததை உள்துறை அமைச்சரே அறிவிப்பில் சொல்றார். ராஜேந்திரன் 1025-ல் ஸ்ரீவிஜயத்தையே ஜெயிச்சு வந்தவன். அந்த வெற்றிக்கு டெல்லி தலைவணங்குது. தமிழன் இதில்கூட நொட்டை சொல்லணுமா?

போன வருஷம் ஜனவரியில் பேரில்லாத 21 பெரிய தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா வாங்கினவங்க பேரை வெச்சாங்க. அதில் ஒண்ணு நம்ம மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

---

கல்வெட்டு_மீனாட்சி
15 செப்டம்பர் 2024, காலை 9:18

சோழமண்டலத்தாரே, அறிவிப்பை முழுசாப் படிச்சீங்களா? 'விஜயம்' விடுதலைப் போராட்டத்தில் கிடைச்ச வெற்றியைக் குறிக்குதுன்னுதான் அதில் இருக்கு. சோழர் பேச்சு வேற வாக்கியத்தில் வருது. அது இருக்கட்டும், சோழனைப் போற்றணும்னா அவன் தோற்கடிச்ச நாட்டின் பேரையா வைப்பாங்க? ஸ்ரீவிஜயம் சுமத்ராவில் இருந்த அரசு. அதன் அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடிச்சதாத்தான் ராஜேந்திரனோட மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் அரசன் புகழ் பாடுற பகுதி, பெருமைப்படுது.

சோழர் தொடர்புக்கு உறுதியான சான்று வேணும்னா அதே மெய்க்கீர்த்தியில் கடாரத்தோட சேர்த்து வர்ற 'மாநக்கவாரம்' இருக்கு. நிக்கோபாரைச் சொல்ற பேர் அது. ஆனா அது எந்தப் பட்டியலில் வருது? படையெடுத்துப் பிடிச்ச இடங்களின் பட்டியலில். நக்கவாரத்தில் அன்னைக்கு இருந்தவங்களுக்கு ராஜேந்திரனும் கடல் தாண்டி வந்த ஒரு படைதான். காலனிய அடையாளத்தை நீக்குறோம்னு சொல்லிட்டு இன்னொரு பேரரசின் நினைவைக் கொண்டுவர்றது எனக்கு ஒட்டலை.

மெயில் சாருக்கும் ஒண்ணு. போர்ட் பிளேயரே மூலப் பேர் இல்லை. ஆர்ச்சிபால்ட் பிளேர் 1789-ல் அங்கே முதல் குடியேற்றம் போட்டப்ப அதுக்குப் போர்ட் கார்ன்வாலிஸ்னு பேர். நோயும் சாவும் தாங்காம 1796-ல் கைவிட்டாங்க. 1858-ல் திரும்பி வந்தப்ப பிளேர் பேரை வெச்சாங்க. ஆக, மாத்தின பேரைத்தான் மறுபடி மாத்தியிருக்காங்க. அதுக்காக பிளேரையும் நீலையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பிளேர் கடலளவை செய்த ஆள். கம்பெனிக்காகத்தான் அளந்தார், ஆனா யாரையும் மரத்தில் தொங்கவிடலை.

---

வடமராட்சிப்_பெடியன்
15 செப்டம்பர் 2024, மாலை 6:44

மேஜர் பரமேஸ்வரன் எண்டு ஒருத்தர் எழுதினபடியால் ஒரு வசனம் சொல்லிப்போட்டுப் போறன். அவர் 1987 நவம்பரில எங்கட மண்ணிலதான் செத்தவர், இந்திய அமைதிப்படையில வந்து. அதுக்கு முந்தின மாதம், ஒக்டோபர் 21, யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ள அந்தப் படை புகுந்து டொக்டர்மார், நேர்ஸ்மார், நோயாளியள் எண்டு பாராமல் சுட்டது. எங்கட வீடுகளில அந்த மாதத்தைப் பற்றிக் கதைக்கேக்க இப்பவும் குரல் மாறும். அந்த மனுசன் தனிப்பட என்ன செய்தவர் எண்டு நான் ஒண்டும் சொல்லேல்லை. "நம்ம" பரமேஸ்வரன் எண்டு வாசிக்க எனக்கு வயித்துக்குள்ள என்னவோ செய்யுது, அவ்வளவுதான். ஒருத்தருக்கு வீரன், மற்றவருக்கு வேற. நீலுக்கும் இங்கிலாந்தில அழுத ஆக்கள் இருந்திருப்பினம் தானே?

---

சோழமண்டலத்தான்
15 செப்டம்பர் 2024, இரவு 7:10

நீலையும் இந்திய ராணுவ அதிகாரியையும் ஒப்பிடுறது அநியாயம். நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர் அவர்.

---

நெறியாளர்
15 செப்டம்பர் 2024, இரவு 8:00

அமைதிப்படை பற்றி ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. அங்கே தொடருங்கள். பின்னர் வந்த ஏழு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். வடமராட்சியாரின் பதிவு பெயர் வைப்பதைப் பற்றியது என்பதால் இங்கேயே இருக்கும்.

---

லோயர்கேம்ப்
16 செப்டம்பர் 2024, காலை 8:25

நான் கம்பம் பக்கம். எங்க ஊர்ப் பக்கம் வந்து பாருங்க. பொங்கல் அன்னைக்குப் பென்னிகுவிக் படத்துக்கு மாலை போட்டுப் பொங்க வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பேரு வெச்சவங்க உண்டு. தேனி பஸ் ஸ்டாண்டுக்கே அவர் பேருதான், அதுவும் விடுதலை கிடைச்சு அறுபது வருஷத்துக்கு அப்புறம் நம்ம அரசாங்கம் வெச்சது. அவரும் வெள்ளைக்காரர்தான், அவரும் ராணுவ அதிகாரிதான். முல்லைப் பெரியாறு அணையை 1895-ல் முடிச்சுக் கொடுத்துட்டுப் போனார். அந்தத் தண்ணியில எங்க தாத்தா காலத்துலேருந்து இருபோகம் விளையுது.

வெள்ளைக்காரன் பேருன்னாலே தூக்கணும்னு யாராவது கிளம்பினா எங்க ஆளுங்க விடமாட்டாங்க. யாரு என்ன செஞ்சாங்கங்கிறதுதான் பேச்சு. நீல் பேரு போனதுக்கு நான் ஒரு கும்பிடு போடுறேன். பிளேர் பேரு போனது எனக்குச் சுகமும் இல்லை துக்கமும் இல்லை.

---

மாம்பலம்_மெயில்
16 செப்டம்பர் 2024, காலை 10:50

லோயர்கேம்ப் சொல்றதுதான் சென்னையிலும் நடந்திருக்கு, கவனிச்சீங்களா? நீலை இறக்கினவங்க மன்றோ குதிரையைத் தொடலை. இன்னைக்கும் தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரையில் ஜம்முனு உட்கார்ந்திருக்கார். விவசாயிகிட்டயே நேரடியா நிலவரி வாங்குற ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்த மனுஷன்னு ஒரு மரியாதை. மாநகராட்சி இன்னும் ரிப்பன் மாளிகையில்தான் உட்கார்ந்திருக்கு. ரிப்பன் பிரபு உள்ளாட்சி அதிகாரம் கொடுத்தார்னு அந்தக் காலத்து ஜனங்களே கொண்டாடினாங்க.

ஆனா இந்த 'நல்ல வெள்ளைக்காரன், கெட்ட வெள்ளைக்காரன்' கணக்கு எங்கே போய் முடியும்? ரயத்துவாரி வரிக்கொடுமையில் நிலத்தை இழந்தவன் பேரன்கிட்ட மன்றோவைப் பத்திக் கேட்டா வேற பதில் வரும்.

---

மலர்விழி_க
16 செப்டம்பர் 2024, பிற்பகல் 3:37

மூணு நாளா வெள்ளைக்காரன் பேரா, டெல்லிக்காரன் பேரா, சோழன் பேரான்னு போயிட்டு இருக்கு. இந்த மூணு பேருக்கும் முன்னாடி அங்கே ஆள் இருந்தாங்க. அவங்க பேச்சை இதுவரை ஒருத்தர்கூட எடுக்கலை.

அண்ணாச்சி, நீங்க கடை வெச்சிருக்கிற அபர்தீன்லதான் 1859 மே 17 அன்று அந்தமானியர்கள் வில்லும் அம்புமா நூற்றுக்கணக்கில் திரண்டு குடியேற்றத்தைத் தாக்கினாங்க. தூத்நாத் திவாரின்னு ஒரு கைதி தப்பி ஓடி ஒரு வருஷம் அவங்களோட வாழ்ந்தவன். அவங்க இவனுக்குப் பெண்ணும் கட்டிக் கொடுத்திருந்தாங்க. தாக்குதல் வரப்போறதை முன்கூட்டியே வந்து வெள்ளைக்காரங்ககிட்ட சொன்னது அவன்தான். பதிலுக்கு மன்னிப்புக் கிடைச்சு ஊர் போய்ச் சேர்ந்தான். 1857 கைதிகள் நமக்குத் தியாகிகள். அந்தமானியருக்கு அவங்களும் காட்டை அழிக்க வந்த கூட்டம்தான். 'ஷஹீத்'னு பேர் வைக்கிறப்ப அந்த 1859-ல் செத்தவங்க அதில் சேர்த்தியா, இல்லையா?

வெள்ளைக்காரங்க வந்தப்ப பெரிய அந்தமானியர் சில ஆயிரம் பேர், பத்துக் கூட்டமா இருந்தாங்க. சண்டை, அம்மை, மேகநோய் எல்லாம் சேர்ந்து முடிச்சுது. இன்னைக்கு ஸ்ட்ரெய்ட் தீவில் இருக்கிறவங்களையும் சேர்த்து ஐம்பது சொச்சம். 2010 ஜனவரியில் போவா சீனியர் என்கிற பாட்டி இறந்தப்ப 'போ' மொழியைப் பேச அடுத்த ஆள் இல்லை. அன்விதா அப்பி என்கிற மொழியியலாளர் அந்தப் பாட்டியோடும் மத்தவங்களோடும் உட்கார்ந்து எடுத்த பதிவுகளில் இடப்பெயர்களும் இருக்கு. அதாவது வைக்கிறதுக்குப் பேர் இல்லாமல் இல்லை. 2023-ல் 'பேரில்லாத' 21 தீவுன்னு சொன்னாங்களே, யார் கணக்கில் பேரில்லாதது?

---

அபர்தீன்_அண்ணாச்சி
16 செப்டம்பர் 2024, இரவு 11:40

தங்கச்சி, அந்த 1859 சண்டைக்கு இங்க நினைவுச்சின்னம் இருக்கு. கடலோரத்துல, வாட்டர் ஸ்போர்ட்ஸ் வளாகத்துக்குள்ள. ஜெட் ஸ்கீ டிக்கெட் எடுக்கப் போறவங்க அதைத் தாண்டித்தான் போறாங்க. நின்னு பாக்கவன் கம்மி. நீ கேட்ட கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல, ஆனா கேட்டது நல்லது.

இன்னொரு விசயம் சொல்லுதேன். 1943 டிசம்பர் 30-ல நேதாஜி இங்க ஜிம்கானா மைதானத்துல கொடி ஏத்தினாரு. அந்தத் தேதிக்காகத்தான் 2018-லயும் அதே நாளைப் பிடிச்சாங்க. ஷஹீத், ஸ்வராஜ்னு அவரு வெச்சது மொத்த அந்தமானுக்கும் மொத்த நிக்கோபாருக்கும். இவங்க அதைச் சுருக்கி ரெண்டு டூரிஸ்டு தீவுக்கு ஒட்டிட்டாங்க.

அந்த சமயம் இங்க ஜப்பான்காரன் ஆட்சி. கொடி ஏத்துதப்போ செல்லுலார் ஜெயிலுக்குள்ள டாக்டர் திவான் சிங் சித்திரவதைல கெடந்தாரு. நேதாஜிக்கு அது தெரியவிடல. பதினைஞ்சு நாள்ல டாக்டர் செத்துட்டாரு. ஜனவரி 30-ல இந்திய சுதந்திர லீக் ஆளுங்க 44 பேரை ஒற்றன்னு சொல்லிக் குழிக்குப் பக்கத்துல நிறுத்திச் சுட்டான். எங்க ஊர்ப் பெருசுங்க நேதாஜி கதையைச் சொல்லும்போது இந்தக் கதையையும் சேத்துத்தான் சொல்லும். அந்த 44 பேருக்கு நினைவிடம் இருக்க ஊரு பேரு என்ன தெரியுமா? ஹம்ஃப்ரிகஞ்ச். அந்தமானியரை மேய்க்கப் போட்ட வெள்ளைக்கார அதிகாரி ஹாம்ஃப்ரே பேரு. தியாகி பேரு தேடி டெல்லியிலேருந்து வந்தவங்க கண்ணுல இது படல.

ஹாரியட் மலையை மட்டும் நல்லா செஞ்சாங்கன்னு சொல்லுவேன். பழைய சிவப்பு இருபது ரூபா நோட்டுல பனையும் தென்னையுமா ஒரு காட்சி வருமே, அங்கேருந்து எடுத்ததுன்னு சொல்லுவாங்க. டைட்லர்னு ஒரு அதிகாரி பொண்டாட்டி பேரு ஹாரியட். 2021-ல மவுண்ட் மணிப்பூர்னு மாத்தினாங்க. 1891 சண்டையில தோத்த மணிப்பூர் ராஜாவையும் அவரு ஆளுங்களையும் அந்த மலையிலதான் வெச்சிருந்தான். மணிப்பூர்க்காரங்க வருசக்கணக்கா வந்து கும்பிட்டுப் போன இடம். கேட்டு வாங்கின பேரு அது. அதனால எங்களுக்கும் உறுத்தல.

---

கெடிலக்கரையான்
17 செப்டம்பர் 2024, காலை 6:55

அண்ணாச்சி கடைசியில் சொன்னதுதான் நான் முதல் பதிவில் தேடினது. நீல் சிலைக்காக 1927-ல் அடி வாங்கினவங்க இருந்தாங்க. அதனால 1937-ல் அது நகர்ந்தப்ப அது அவங்க ஜெயிச்சது. மணிப்பூர்க்காரங்களுக்கு ஹாரியட் மலை அப்படி. நீல் தீவுக்காக யாரும் கேட்கலை, டெல்லி ஒரு நாள் கொடுத்தது. அதனாலதான் அந்தப் பேரில் நீல் போனதே நமக்குத் தெரியாமப் போச்சு. அறிவிப்பில் நேதாஜி இருந்தார், நீல் யாருன்னு ஒரு வரி இல்லை.

---

மாம்பலம்_மெயில்
17 செப்டம்பர் 2024, காலை 9:20

அப்போ என் பலகைக் கோரிக்கை செல்லும்! பேரை மாத்துங்க, ஆனா பழைய பேர் யாருடையது, ஏன் எடுத்தோம்னு எழுதி வைங்க. மியூசியத்துக்குள்ள ஒரு பலகை, தீவில் ஒரு பலகை. ரெண்டும் ஒரே ஆள்னு ரெண்டிலும் இருக்கணும்.

---

லோயர்கேம்ப்
17 செப்டம்பர் 2024, காலை 9:48

இதுக்கு நானும் கையெழுத்துப் போடுறேன்.

---

அபர்தீன்_அண்ணாச்சி
11 பிப்ரவரி 2025, இரவு 10:30

இழையைத் தூசி தட்டுதேன். புது பில் புக் அடிச்சு வாங்கினேன். மேல 'ஸ்ரீ விஜய புரம்', அதுக்குக் கீழ அடைப்புக்குள்ள 'போர்ட் பிளேர்'. அச்சகக்காரரே ரெண்டும் போட்டாத்தான் சரக்கு வந்து சேரும்னுட்டாரு. பாரிமுனையிலேருந்து பார்சல் போடும்போது புக்கிங் ஆபீஸ் பையன், "விஜயபுரமா, திருவாரூர்ல இருக்கதா?"ன்னு கேட்டானாம். பின்கோடு 744101-ன்னு சொன்னப்புறம்தான் தலையாட்டியிருக்கான்.

கடைக்கு வர்ற சின்னப் பிள்ளைங்க புதுப் பேரைச் சொல்ல ஆரம்பிச்சிட்டு, ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்காங்க. பெருசுங்க பிளேர்தான். நான் யாருகிட்ட பேசுதேனோ அதுக்குத் தக்கபடி.

---

கெடிலக்கரையான்
12 பிப்ரவரி 2025, காலை 7:15

அண்ணாச்சி, ஒரு யோசனை. போன சனிக்கிழமை பிப்ரவரி 8. 1872-ல் அதே நாள் வைஸ்ராய் மேயோ பிரபுவை ஷேர் அலி அஃப்ரிதி குத்திக் கொன்றான், ஹாரியட் மலையடிவாரம் ஹோப்டவுன் படகுத்துறையில். பதவியில் இருந்த ஒரு வைஸ்ராயைக் கொன்ற ஒரே ஆள். மார்ச்சில் வைப்பர் தீவில் தூக்கு. இவ்வளவு பேர் மாத்தினவங்க ஹோப்டவுன் படகுத்துறைக்கு ஷேர் அலி பேரை வைக்கலாமே?

---

கல்வெட்டு_மீனாட்சி
12 பிப்ரவரி 2025, காலை 11:32

அவசரப்படாதீங்க. ஷேர் அலி அரசியல் கைதி இல்லை. பெஷாவரில் வெள்ளை அதிகாரிகிட்டயே குதிரைச் சேவகனா வேலை பார்த்தவன். குடும்பப் பகையில் உறவுக்காரனைக் கொன்னதுக்காக அந்தமான் வந்தான். ஏன் குத்தினேன்னு கேட்டதுக்குக் கடவுள் ஆணைன்னு சொன்னான். அவனைத் தியாகின்னு எழுதுறவங்களும் உண்டு, வெறும் கொலைகாரன்னு எழுதுறவங்களும் உண்டு. தனக்கு அநியாயமாத் தண்டனை கொடுத்த அரசின் தலைமேலயே கைவெச்ச ஆள்னு வேணும்னா சொல்லலாம். படகுத்துறைக்குப் பேர் வைக்க அது போதுமான்னு எனக்குத் தெளிவில்லை. இங்கேயே அடுத்த மூணு மாசம் சண்டை போடலாம்.

---

அபர்தீன்_அண்ணாச்சி
12 பிப்ரவரி 2025, இரவு 11:10

சண்டை எதுக்கு? ஹோப்டவுன்காரங்ககிட்ட கேளுங்க. நான் அபர்தீன்காரன்.

---

கெடிலக்கரையான்
13 பிப்ரவரி 2025, காலை 6:40

நீங்களே கேட்டுச் சொல்லுங்களேன் அண்ணாச்சி. எங்களால அங்க வர முடியுமா?

---

அபர்தீன்_அண்ணாச்சி
13 பிப்ரவரி 2025, இரவு 10:55

அடுத்த வாரம் சாத்தம்லேருந்து ஃபெர்ரி பிடிச்சு பாம்பூ ஃப்ளாட் போற வேலை இருக்கு, ஒரு பழைய பாக்கி வசூல் பண்ணணும். ஹோப்டவுன் பக்கந்தான். கேட்டுட்டு வந்து எழுதுதேன்.